ஸ்ரீரங்கம் வட்டத்துக்கு எவ்வளவு ஜிங்க்?

ஸ்ரீரங்கம் என்றதும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். வருவாய்த் துறையின் ஸ்ரீரங்கம் வட்டம் தீவோடு முடிவதில்லை. காவிரியைத் தாண்டித் தெற்கே, திண்டுக்கல் சாலையில் நவலூர் குட்டப்பட்டு வரை அது நீள்கிறது. தீவிலும் ஆற்றோரத்திலும் வண்டல். வாழையும் நெல்லும் மாறி மாறி நிற்கும். குட்டப்பட்டுப் பக்கம் போனால் களர். நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் பாளமாக இறுகும், தண்ணீரைக் கீழே இறங்க விடாது. அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி அந்த மண்ணின் மேலேயே நிற்கிறது. களரைத் தாங்கி விளையும் திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தவை.

இப்படி அடியோடு வேறுபட்ட இரண்டு மண்ணுக்கும் உரக்கடையில் கிடைப்பது ஒரே பாக்கெட். நடவுக்கு முன்னால் ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட், அல்லது ஐந்து கிலோ நுண்ணூட்டக் கலவை. அடியுரத்தோடு சேர்த்து வாங்கி வரும் சாமானாக இது ஆகி வெகுகாலமாகிவிட்டது. ஏன் போடுகிறோம், எதற்குப் போடுகிறோம், போடாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விகள் வயலில் எழுவதில்லை. நெல்லுக்கு நுண்ணூட்டம் வேண்டுமா வேண்டாமா என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த வயலுக்கு, எந்தச் சத்து, எத்தனை போகத்துக்கு ஒருமுறை என்று பிரித்துக் கேட்டால் தெளிவாகவே விடை கிடைக்கிறது. அந்த விடை பாக்கெட்டுக்குச் சாதகமாக இல்லை.

முதலில் ஜிங்க்கின் தரப்பு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அது வியாபாரிகள் கட்டிவிட்ட கதை அல்ல. 1966-இல் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஒய்.எல். நெனே, இமயமலை அடிவாரத் தராய் நிலங்களில் நெல்லைத் துருப்பிடித்ததுபோல் ஆக்கிய ‘கைரா’ நோய்க்குக் கிருமி காரணமல்ல, ஜிங்க் பற்றாக்குறைதான் காரணம் என்று காட்டினார். வயல் அளவில் நெற்பயிரில் ஜிங்க் குறை கண்டறியப்பட்டது அதுவே முதல்முறை. அடுத்த ஆண்டே நுண்ணூட்டங்களுக்கென்று அனைத்திந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. ஐ.ஆர். 8 இந்தியாவுக்குள் வந்ததும் அதே காலம்தான். இரண்டும் ஒன்றாக நடந்தது தற்செயல் அல்ல. குட்டை ரகங்கள் ஏக்கருக்கு இரண்டு மடங்கு விளைந்தபோது மண்ணிலிருந்து இரண்டு மடங்கு எடுத்தன. தொழுவுரமும் தழையுரமும் குறைந்து அந்த இடத்துக்கு யூரியாவும் டி.ஏ.பி.யும் வந்தபோது, எருவோடு சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்த ஜிங்க் நின்றுபோனது.

நெல்லுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. வயலில் தண்ணீர் கட்டினால் மண்ணில் காற்று அற்றுப்போகும். இரும்பும் மாங்கனீசும் கரைந்து பயிருக்கு எளிதாகக் கிடைக்கும். ஜிங்க் அதற்கு நேர்மாறு. தண்ணீர் தேங்கத் தேங்க அது சல்பைடாகவும் கார்பனேட்டாகவும் மாறி மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. பி.எச். ஒரு புள்ளி ஏறினால் மண்கரைசலில் உள்ள ஜிங்க் நூறில் ஒரு பங்காகச் சுருங்கும். வண்டலில் 7.5 என்றும் களரில் 9 என்றும் வைத்துக்கொண்டால், இரண்டு வயல்களுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம். இதற்கு மேல் டி.ஏ.பி.யை அள்ளிப் போட்டால், அதன் பாஸ்பரஸ் பயிருக்குள் ஜிங்க் போகும் வழியையும் மறிக்கும். ஆக, நெல்லுக்கு ஜிங்க் குறையும் என்பதில் சந்தேகமில்லை. எந்த நெல்லுக்கு என்பதில்தான் வழக்கு.

அந்த வழக்கில் சாட்சிகள் மூன்று பேர்: ஆய்வக எண், மண்வள அட்டை, விவசாயியின் கண். மூன்றையும் குறுக்கு விசாரணை செய்தால் மூன்றுமே தடுமாறுகின்றன.

தமிழ்நாட்டு மண் மாதிரிகளில் சுமார் 63 விழுக்காட்டில் ஜிங்க் குறைவு என்ற கணக்கு எல்லாக் கருத்தரங்கிலும் வரும். இந்திய சராசரி 36 சொச்சம். கேட்கும்போது பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குறைவு என்பது எதைவிடக் குறைவு? டி.டி.பி.ஏ. கரைசலால் பிரித்தெடுத்த ஜிங்க் இந்தியாவில் பெரும்பாலும் 0.6 பி.பி.எம்.முக்குக் கீழே போனால்தான் பற்றாக்குறை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் அந்தக் கோட்டை 1.2-இல் போட்டிருக்கிறது. ஒரே மண், ஒரே கரைசல், ஒரே எண், 0.9 என்று வந்தால் ஓரிடத்தில் போதுமானது, இன்னோரிடத்தில் பற்றாக்குறை. 1.2 தவறு என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டு மண்ணுக்குத் தனிக்கோடு தேவைப்படலாம். ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் சொல்வது நேர்மையான வாதம் ஆகாது.

அந்தச் சோதனையின் பிறவியிலேயே ஒரு கோளாறு உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் லிண்ட்சேயும் நார்வெலும் அதை உருவாக்கியது காய்ந்த, சுண்ணாம்பு கலந்த மண்ணில் வளரும் பயிர்களுக்காக. நாம் வயலில் மண் எடுத்து, நிழலில் உலர்த்தி, சலித்து அனுப்புகிறோம். நெல் வளர்வதோ அந்த மண்ணில் அல்ல, அது சேறாகி மூன்று வாரம் தண்ணீருக்கடியில் கிடந்த பிறகு உண்டாகும் வேறொரு மண்ணில். காய்ந்த மண்ணின் எண் சோளத்துக்கும் கேழ்வரகுக்கும் ஓரளவு உண்மை பேசும். சேற்று நெல்லுக்கு அது ஊகம்தான். எண் மிகவும் கீழே இருந்தால் நம்பலாம், மிகவும் மேலே இருந்தாலும் நம்பலாம். நடுவில் விழும் வயல்களுக்கு அது பெரிதாக உதவாது. அங்கேதான் பாக்கெட் விற்கிறது.

மண்வள அட்டை 2015 பிப்ரவரியில் தொடங்கியது. பன்னிரண்டு அளவைகள், அதில் ஜிங்க்கும் ஒன்று. பாசன நிலத்தில் இரண்டரை எக்டருக்கு ஒரு மாதிரி என்பது விதி. தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 எக்டர். மூன்று பேருடைய வயல்களுக்கு ஒரே மண்; ஒருவர் மூன்று வருஷமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதிருப்பார், இன்னொருவர் வைக்கோலைக்கூடக் கட்டாகக் கட்டி விற்றிருப்பார். அட்டை இருவருக்கும் ஒரே சீட்டை எழுதிக் கொடுக்கும்.

மூன்றாவது சாட்சி, கண். இதை அலட்சியமாகச் சொல்ல மாட்டேன். நட்ட இரண்டு மூன்று வாரத்தில் பயிர் வளராமல் கட்டிக்கொண்டு நிற்பதையும், இளம் இலையின் நடுநரம்பு அடியில் வெளுப்பதையும், கீழிலைகளில் துருப்பொட்டு விழுவதையும் பார்த்து ‘ஜிங்க் குறை’ என்று சொல்லக்கூடியவர்கள் லால்குடியிலும் மண்ணச்சநல்லூரிலும் நிறைய உண்டு. சிக்கல் அடையாளம் காண்பதில் இல்லை, அதற்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது. ஜிங்க் குறை கடுமையாக இல்லாவிட்டால், ஆறு எட்டு வாரத்தில் பயிர் தானாகவே தெளிந்துவிடும். வேர் பரவி, தண்ணீரும் இடையில் வடிந்தால் இன்னும் சீக்கிரம். இந்த இடைவெளியில் விவசாயி அரை விழுக்காடு ஜிங்க் சல்பேட்டும் ஒரு விழுக்காடு யூரியாவும் கலந்து அடித்திருப்பார். பயிர் பச்சை கட்டும். பச்சை கட்டியது ஜிங்க்காலா, யூரியாவாலா, காலத்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது. பெருமை பாக்கெட்டுக்குப் போகும். அடுத்த வருஷம் கேட்காமலே வாங்குவார். நுண்ணூட்ட வியாபாரம் இந்த அளவு நிலைத்ததற்கு மோசடியைவிட இந்த இயல்பான மயக்கமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

மோசடியும் இல்லாமல் இல்லை. ஜிங்க் சல்பேட்டில் கலக்கப்படுவது பெரும்பாலும் மக்னீசியம் சல்பேட். இரண்டும் வெள்ளைப் படிகம், விலைதான் வேறு. கண்டுபிடிக்க வீட்டிலேயே வழி உண்டு. தெளிந்த டி.ஏ.பி. கரைசலில் ஜிங்க் சல்பேட் கரைசலை விட்டால் தயிர்போலத் திரிந்து கட்டியாகும். மக்னீசியம் சல்பேட் அப்படித் திரியாது. இந்தச் சோதனையை விவசாயிகளுக்குக் காட்டும்போது அதன் மறுபாதியையும் காட்டியிருக்க வேண்டும். டம்ளரில் திரிவதுதான் வயலிலும் திரிகிறது. டி.ஏ.பி.யோடு ஜிங்க்கை ஒரே அன்னக்கூடையில் கலந்து வீசுகிறவர், நல்ல சரக்கு என்று நிரூபித்த அதே வினையால் அந்தச் சரக்கைப் பயனற்றதாக்குகிறார். மணலோடு கலந்து தனியாக வீசச் சொல்வது அதனால்தான்.

இனி வரவு செலவு. சீனா, இந்தியா, லாவோஸ், தாய்லாந்து, துருக்கி ஆகிய 5 நாடுகளின் வயல் சோதனைகளைத் தொகுத்து 2012-இல் வெளிவந்த ஆய்வில், ஜிங்க் இட்டதால் நெல் விளைச்சல் சராசரியாக 5 விழுக்காடு கூடியது. ஏக்கருக்கு இரண்டு டன் விளையும் வயலில் அது நூறு கிலோ. 2024-25-இன் மத்திய அரசு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட்டின் விலை அதில் பாதியைக்கூட எட்டாது. ஆகவே ஜிங்க் சல்பேட்டைக் கணக்கு காப்பாற்றுகிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சராசரி என்பது எந்த வயலிலும் விளைவதில்லை. சில வயல்களில் ஒன்றுமே கூடாமலும் சில வயல்களில் இருபது விழுக்காடு கூடியும் வந்தாலும் சராசரி ஐந்துதான். ஒன்றும் கூடாத வயல்காரருக்கு அந்த ஐந்து வெறும் செலவு.

அடுத்த கேள்வியை யாரும் கேட்காததுதான் எனக்கு வியப்பு: எத்தனை போகத்துக்கு ஒருமுறை? படிக ஜிங்க் சல்பேட்டில் 21 விழுக்காடு ஜிங்க். பத்துக் கிலோவில் 2.1 கிலோ. ஒரு டன் நெல் விளைவிக்கப் பயிர் எடுப்பது ஏறக்குறைய 50 கிராம். அதிலும் பாதிக்கு மேல் வைக்கோலில் தங்கிவிடும். இரண்டு டன்னுக்கு 100 கிராம். போட்டதில் இருபதில் ஒரு பங்கு. மீதி முழுவதும் பயிருக்குக் காத்துக்கொண்டிருக்கும் என்று சொல்ல முடியாது, களியிலும் கார்பனேட்டிலும் ஒரு பகுதி சிறைப்படும். ஆனால் ஒருமுறை இட்டதன் பலன் அடுத்தடுத்த பயிர்களுக்கும் நீடிக்கும் என்பது வட இந்திய நெல்–கோதுமை நிலங்களில் நன்றாக நிறுவப்பட்டது. அங்கே ஒன்றுவிட்டு ஒரு ஆண்டு போட்டால் போதும் என்பது பழகிப்போன அறிவுரை. கோவை பல்கலைக்கழகத்தின் நெல் பரிந்துரையோ எக்டருக்கு 25 கிலோ, 50 கிலோ மணலோடு, நடவுக்கு முன் என்று நிறுத்திக்கொள்கிறது. எத்தனை போகத்துக்கு என்ற சொல் அந்த வரியில் இல்லை. சொல் இல்லாத இடத்தைக் கடை நிரப்பிக்கொண்டது: ஒவ்வொரு போகத்துக்கும்.

அதே பரிந்துரையில் ஒரு நல்ல வரியும் உண்டு. எக்டருக்கு 6.25 டன் பசுந்தாள் உரம் இட்டால் ஜிங்க் சல்பேட்டில் பாதி, 12.5 கிலோ, போதும் என்கிறது அது. பசுந்தாள் மட்கும்போது வரும் அங்கக அமிலங்கள் ஜிங்க்கைப் பிடித்து வைத்திருந்து வேருக்குக் கொடுக்கும். 2024-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் விதை கொடுக்கிறார்கள். அதே ஆண்டின் குறுவைத் தொகுப்புத் திட்டத்தில் ஜிங்க் சல்பேட்டும் ஜிப்சமும் நுண்ணூட்டக் கலவையும் இடம்பெற்றன. விதை வாங்கியவருக்கு ஜிங்க்கைப் பாதியாகக் குறைக்கலாம் என்று இரண்டு திட்டங்களையும் முடிச்சுப்போட்டுச் சொல்வது ஒரு துண்டுச்சீட்டு வேலை.

நுண்ணூட்டக் கலவைக்கு வருவோம். தமிழக வேளாண் துறையின் கலவை உற்பத்தி மையம் புதுக்கோட்டை மாவட்டத்தில், இசைக் கல்வெட்டுக்குப் பேர்போன குடுமியான்மலையில் இருக்கிறது. தரத்தைப் பற்றி எனக்குப் புகாரில்லை. புகார் கணக்கில். ஏக்கருக்கு ஐந்து கிலோ கலவை. அந்த ஐந்து கிலோவும் கலப்பில்லாத ஜிங்க் சல்பேட்டாக இருந்தால்கூட வயலுக்குக் கிடைப்பது ஒரு கிலோ சொச்சம் ஜிங்க். நேரடிப் பரிந்துரையில் பாதி. உண்மையில் அதற்குள் இரும்பும் மாங்கனீசும் செம்பும் போரானும் இடம்பிடித்திருக்கின்றன. ஆகவே ஜிங்க் நிஜமாகவே குறைந்த வயலுக்குக் கலவை போதாது. குறையாத வயலுக்கு வேண்டாம். மீதமுள்ள சத்துகளுக்காக வாங்கலாம் என்றால், தண்ணீர் கட்டிய நெல்வயலில் இரும்பையும் மாங்கனீசையும் தண்ணீரே கரைத்துக் கொடுக்கிறது. புழுதியில் நேரடி விதைப்புச் செய்த பயிர் முளைத்து மஞ்சளாகும் சில வாரங்கள் மட்டும் விதிவிலக்கு, அதற்கும் மண்ணில் இடுவதைவிட இலைவழியே கொடுப்பதுதான் பலன் தரும். போரானுக்குப் பற்றாக்குறைக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள இடைவெளி குறுகலானது. தேவை தெரியாமல் போட ஏற்ற பொருள் அல்ல. எல்லா நோய்க்கும் ஒரே சூரணம் விற்பவரை ஊரார் கேலி செய்வார்கள். கலவைப் பாக்கெட்டை மட்டும் ஏனோ விட்டுவைத்திருக்கிறோம்.

களர் நிலத்தில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே ஜிங்க் இல்லாமல் நெல் எடுப்பது கடினம், பரிந்துரையும் எக்டருக்கு 37.5 கிலோவாக உயர்கிறது. அந்தப் பரிந்துரையை முழுசாகப் படிக்க வேண்டும். பி.எச். 8.5-ஐத் தாண்டிய நிலத்தில் முதலில் தேவையான ஜிப்சத்தில் பாதியை இட்டு, தண்ணீர் கட்டி, உப்பை வடித்து, எக்டருக்கு ஐந்து டன் தழையுரம் போட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்து நடவுக்குத் தயாரான வயலின் மேல் ஜிங்க் சல்பேட்டை மணலோடு தூவு, மண்ணுக்குள் மிதித்துக் கலக்காதே என்கிறது. இதைவிடச் சிந்தித்து எழுதிய பத்தி பல்கலைக்கழகத்தின் கையேட்டில் குறைவு. ஜிங்க்கை அது வரிசையின் கடைசியில் வைத்திருக்கிறது. கலக்காதே என்பதற்கும் காரணம் உண்டு: கீழே புதைந்தால் காற்றில்லாத, காரமான சேற்றில் ஜிங்க் சிறைப்படும், மேலே கிடந்தால் நடவுவேர் எட்டும்.

நடைமுறையில் வரிசை தலைகீழாகிறது. ஜிப்சம் மூட்டை மூட்டையாக வண்டியில் வர வேண்டும். உப்பை வடிக்கத் தண்ணீரும் வடிகாலும் வேண்டும், புதிய கட்டளை மேட்டுக் கால்வாயில் தண்ணீர் எப்போது வரும் என்று பார்த்திருக்கும் நிலத்துக்கு அது லேசில்லை. ஜிங்க்கோ ஒரு பையில் அடங்கிவிடும். அதனால் கடைசிப்படி முதல்படியாகி, பிறகு ஒரே படியாகிவிடுகிறது. பி.எச். 9-இல் தூவிய ஜிங்க் சில வாரத்தில் கார்பனேட்டாகப் படிந்துபோக, விவசாயி அடுத்த போகத்தில் இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடுகிறார்.

ஜிங்க் இட்டால் அரிசி சாப்பிடுகிறவர்களுக்கும் நல்லது என்று அண்மைக்காலமாக ஒரு வாதம் சேர்ந்திருக்கிறது. துருக்கியின் மத்திய அனடோலியாவில் இஸ்மாயில் சக்மக் குழு கோதுமையில் சாதித்ததைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அது மழைகுறைந்த, சுண்ணாம்பு நிறைந்த மேட்டு நிலம். ஜிங்க் குறை அங்கே விளைச்சலையே சாய்த்துக்கொண்டிருந்தது. அதை மண்ணச்சநல்லூர்ப் பொன்னிக்கு அப்படியே பொருத்த முடியாது. மேலே சொன்ன 2012 ஆய்வே இதற்கு விடை தருகிறது: மண்ணில் இட்ட ஜிங்க்கால் உமி நீக்கிய அரிசியில் கூடியது 2.4 விழுக்காடு. பூத்த பிறகு இலையில் தெளித்தால் 25 விழுக்காடு. நாம் செய்வது முதல் முறை. இரண்டாம் முறையைச் செய்தாலும், அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு ஒரு பங்கு போய்விடும். ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்கு அதிலிருந்து கிடைக்கும் ஜிங்க் நாலரை மில்லிகிராம் அளவில். 25 விழுக்காடு முழுசாகக் கூடினாலும் ஒரு மில்லிகிராம் சொச்சம். ஐ.சி.எம்.ஆர். 2020-இல் ஆணுக்கு 17, பெண்ணுக்கு 13.2 மில்லிகிராம் என்று வகுத்திருக்கிறது. அந்தக் கூடுதல் தெளிப்புக்குக் கூலி யார் தருவார்? கொள்முதல் நிலையம் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டுகிறதா என்றுதான் பார்க்கும். ரேஷனில் செறிவூட்டிய அரிசி கொடுக்கும் முன்னோட்டம் 2020-இல் தமிழ்நாட்டில் நடந்ததும் இதே திருச்சி மாவட்டத்தில்தான். அதில் கட்டாயம் இரும்பும் போலிக் அமிலமும் பி12-உம், ஜிங்க் விருப்பத்துக்கு விடப்பட்டது. சாப்பாட்டில் ஜிங்க் சேர்ப்பதுதான் நோக்கமென்றால் அந்த விதியைத் திருத்துவது எளிது. அல்லது 2016-இல் வந்த டி.ஆர்.ஆர். தான் 45 போல, தீட்டிய அரிசியிலேயே 22.6 பி.பி.எம். தாங்கும் ரகத்தின் பக்கம் போகலாம். நுண்ணூட்ட உரத்தின் நியாயத்தை விளைச்சலை வைத்து மட்டுமே பேச வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. தீவிலும் ஆற்றோர வண்டலிலும் ஒவ்வொரு போகத்துக்கும் ஜிங்க் போடும் பழக்கத்துக்கு ஆதாரம் இல்லை. மண் எண் 0.6-க்குக் கீழே இருந்தால் ஒருமுறை போட்டு, அடுத்த மூன்று நான்கு போகம் கையை அடக்கலாம், 0.6-க்கும் 1.2-க்கும் நடுவில் இருந்தால் பசுந்தாளோடு பாதி அளவு. களரில் ஜிங்க் அவசியம்தான், ஆனால் ஜிப்சமும் வடிகாலும் இல்லாமல் போடும் ஜிங்க் வீண். நெல்லுக்கு நுண்ணூட்டக் கலவை என்ற பண்டத்தைப் பொதுப் பரிந்துரையிலிருந்தும் மானியப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிடலாம். அந்தப் பணம் ஜிப்சத்துக்குப் போகட்டும். மண்வள அட்டையில் ஜிங்க் கடைசியாக எந்தப் போகத்தில் இடப்பட்டது என்று எழுத ஒரு கட்டம் வேண்டும்.

சாட்சிகள் மூவரும் தடுமாறும் நடுத்தர வயல்களுக்கு நம்பகமான சோதனை ஒன்றே ஒன்று: வயலின் ஓரத்தில் ஒரு பட்டைக்கு ஜிங்க் போடாமல் விட்டு, மற்றதெல்லாம் ஒன்றாகச் செய்து, அறுவடையில் இரண்டையும் தனித்தனியாக எடைபோட்டுப் பார்ப்பது. பட்டையை வாய்மடைப் பக்கமாக, தண்ணீர் முதலில் நுழையும் இடத்தில் ஒதுக்க வேண்டும். ஜிங்க் போட்ட பகுதியின் தண்ணீர் அதற்குள் வழியாமல் தனி வரப்பும் போட வேண்டும். ஒரு வருஷத்தில் முடிவு கட்டவும் கூடாது. தண்ணீர் அதிகம் தேங்கிய வருஷத்தில் ஜிங்க் தேவை கூடும்; மேட்டூர் தாமதமாகத் திறந்து வயல் அடிக்கடி காய்ந்த வருஷத்தில் அதே வயலுக்கு அது தேவைப்படாமலே போகலாம்.